நேர் பார்த்தல்

கம்பம் பள்ளத்தாக்கின் வளத்தைப் பேசுவோர் பெரும்பாலும் ஆற்றைப் பற்றியே பேசுகின்றனர். அதில் தவறில்லை. 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பப்பட்டதால், இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் விளையும் வயலாயிற்று. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரை இங்கே பிள்ளைகளுக்கு இடுகின்றனர். ஆனால் அத்தண்ணீர் ஏறாத மேட்டு நிலங்களும் இங்கே உண்டு. இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டிப் பக்கத்து மேட்டுக் காடுகளில் திராட்சைப் பந்தல் போட்டவர்களுக்கு ஆறு தூரத்துக் காட்சிதான், கிணறே வாழ்வு. திராட்சையைத் தமிழகத்துக்கு முதலில் கொணர்ந்தவர் 1832-இல் ஒரு பிரெஞ்சு மறைப்பணியாளர் என்று சொல்வர். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இச்செய்தி மீண்டும் பேசப்பட்டது. அவர் என்ன எண்ணிக் கொணர்ந்தாரோ, அந்தக் கொடிக்குத் தண்ணீர் மட்டும் தவறக்கூடாது. பூவெடுத்துப் பிஞ்சு பிடிக்கும் வேளையில் ஒரு வாரம் காய்ந்தால் அந்த வெள்ளாமையை மறந்துவிட வேண்டியதுதான்.

என் தந்தையின் இளமையில் கிணற்றுத் தண்ணீர் கமலையில் ஏறிற்று. இரண்டு மாடுகள் ஒரே நுகத்தில் சரிவில் இறங்க, வடம் இழுபட்டு, சால் மேலேறித் தொட்டியில் கொட்டும். நுகம் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஒரு மாட்டின் கழுத்துப் புண்ணாகும். அது வலியில் விலகி நடக்கும். மற்றது தன் பங்குக்கு மேல் இழுத்து இளைக்கும். நாசரேத்துத் தச்சரான நம் ஆண்டவர் கலப்பைகளும் நுகங்களும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த மறைசாட்சி புனித ஜஸ்டின் எழுதியிருக்கிறார். கழுத்துக்கு ஏற்றபடி மரத்தைச் செதுக்கிய கை அது. தம் நுகம் அழுத்தாது என்று அவர் சொன்னதை, பட்டறை வாசலில் மாட்டோடு நின்றவர்கள் நம்மைக் காட்டிலும் நன்றாக விளங்கிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு ஆயில் எஞ்சின் வந்தது. ஐந்து குதிரைச்சக்தி டீசல் எஞ்சின் ஒன்றும், அதற்கு எதிரே ஒரு பம்பும், இரண்டையும் ஒரே இரும்புச் சட்டத்தில் பூட்டிக் கிணற்றங்கரையில் வைத்தால் நான்கு மாடுகளுக்கு விடுதலை. எஞ்சினின் தண்டும் பம்பின் தண்டும் சந்திக்கும் இடத்தில் இரண்டு வட்டத் தட்டுகள் எதிரெதிரே நிற்கும். அதுதான் கப்ளிங். ஒரு தட்டில் உள்ள பின்கள் ரப்பர் புஷ் அணிந்து மறுதட்டின் துளைகளில் நுழைந்திருக்கும். நிமிடத்துக்கு 1,500 சுற்று. ஒரு தண்டின் நடுக்கோடு மற்றதன் நடுக்கோட்டோடு ஒன்றாகாமல் மயிரிழை விலகியிருந்தாலும், அந்த விலகல் நிமிடத்துக்கு 1,500 முறை ரப்பரைக் கசக்கும். ரப்பர் போனால் பின் தேயும்; பின் தேய்ந்தால் பேரிங் போகும்; பேரிங் போனால் தண்டு.

என் பெரியப்பா இவ்வேலையில் கெட்டிக்காரர். தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக்காகப் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, நிலம் பார்க்க ஊருக்குத் திரும்பியவர். சாமான்களைச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார். முடிச்சை அவிழ்க்குமுன் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வார். பள்ளி விடுமுறையில் அவருக்கு அரிக்கேன் விளக்குப் பிடிப்பது என் வேலை.

1983-ஆம் ஆண்டுக் கோடை. மழை பொய்த்த ஆண்டு அது. அண்ணன் தம்பி இருவருக்குப் பங்குக் கிணறு ஒன்று இருந்தது. தந்தை இறந்து சொத்துப் பிரித்தபோது நிலம் பிரிந்தது, கிணறு பிரியவில்லை. எஞ்சின் அண்ணன் வாங்கியது, பம்பு தம்பி வாங்கியது. முறைவைத்து இறைத்துக்கொண்டார்கள். தந்தையின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. கோவிலில் ஒருவர் இந்தக் கோடியில் முழந்தாளிட்டால் மற்றவர் அந்தக் கோடியில். அந்தக் கோடையில் கப்ளிங் ரப்பர் பத்து நாளுக்கொரு முறை தெறித்தது. இருவர் பந்தலிலும் பிஞ்சு நின்றது. இருவருக்கும் கூட்டுறவுக் கடன் இருந்தது.

மையவிலக்குப் பம்பு ஏறக்குறைய இருபதடிக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. காற்றழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுகிறது. அதன் வலிமை அவ்வளவே. ஆகவே கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, பம்பையும் எஞ்சினையும் உள்ளே திண்டு வெட்டி இறக்க வேண்டும். அவர்களும் அந்த மாசியில் இறக்கியிருந்தார்கள். பெரியப்பா முதலில் பார்த்தது புகைக்குழாயை. அது கிணற்று வாய்க்கு மேல் நீட்டியிருக்கிறதா என்று உறுதிசெய்த பிறகே உள்ளே இறங்கினார். கிணற்றுக்குள் தேங்கிய எஞ்சின் புகையால் உயிர்விட்டவர்களைப் பற்றி அவ்வப்போது கேள்விப்படும் ஊர் இது.

"எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லண்ணே. அந்தப் பம்புதான் ஆடுது" என்றார் மூத்தவர், மேலே நின்றபடி.

"பம்பு போன வருசந்தான் புதுசா வாங்குனது. எஞ்சின் உதறுற உதறல்ல எந்தப் பம்பு நிக்கும்?" என்றார் இளையவர், எதிர்க்கரையில் நின்றபடி. இருவரும் பெரியப்பாவைப் பார்த்தே பேசினார்கள்.

பெரியப்பா பதில் சொல்லவில்லை. கப்ளிங் பின்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தனியாக ஓடவிட்டார். பூனை உறுமுவதுபோல் அமைதியாக ஓடிற்று. நிறுத்திவிட்டுப் பம்பின் தண்டைக் கையால் சுற்றினார். வெண்ணெயாகச் சுழன்றது. "ரெண்டு பேரும் சொல்றது சரிதான்" என்றார். "எஞ்சினும் நல்லாருக்கு, பம்பும் நல்லாருக்கு. சேர்த்தாத்தான் உடையுது."

அடுத்து அவர் செய்த சோதனை என் நினைவில் அழுத்தமாகப் பதிந்தது. இரண்டு தட்டுகளும் தொட்டும் தொடாமலும் எதிரெதிரே நிற்க, இடையே ஃபில்லர் கேஜின் மெல்லிய எஃகுத் தகடுகளைச் செருகி மேலே, கீழே, வலத்தே, இடத்தே என நான்கு இடங்களில் இடைவெளியை அளந்தார். கீழே அதிகம், மேலே குறைவு. பிறகு எஞ்சின் தட்டை அசையாமல் பிடிக்கச் சொல்லி, பம்பின் தட்டை மட்டும் கால்வட்டம் திருப்பி மறுபடி அளந்தார். இன்னொரு கால்வட்டம்; மறுபடியும் அளந்தார். ஏன் இத்தனை முறை என்று கேட்டேன். அகன்ற இடைவெளி தட்டோடு சேர்ந்து சுற்றி வந்தால் அந்தத் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது தட்டு கோணியிருக்கிறது. எஞ்சினை எங்கே நகர்த்தினாலும் தீராது. எவ்வளவு திருப்பினாலும் அகன்ற இடம் கீழேயே நின்றால், தண்டில் குறையில்லை. உட்கார்ந்திருக்கும் இருப்புத்தான் சரியில்லை. இங்கே அது கீழேயே நின்றது.

பொருளில் உள்ள குறையும் இருப்பில் உள்ள குறையும் வெளியே ஒரே ஓசையைத்தான் எழுப்புகின்றன. குடும்பங்களில் நாம் எத்தனை பேரை வளைந்த தண்டு என்று தீர்ப்பிட்டு ஒதுக்கியிருக்கிறோம்! கால்வட்டம் திருப்பிப் பார்த்திருக்கிறோமா என்பது வேறு கேள்வி.

இனி நகர்த்த வேண்டும். பம்பு நகராது. அதன் ஒரு வாயில் உறிஞ்சுகுழாய் அடித்தண்ணீர் வரை இறங்குகிறது. மறுவாயில் ஏற்றுகுழாய் கரைவரை ஏறுகிறது. குழாய்களை வலுக்கட்டாயமாக இழுத்துப் பம்போடு முடுக்கினால், அந்த இழுவையே பம்பைக் கோணலாக்கும். ஆதலால் குழாய்களுக்குத் தனித் தாங்கல் கொடுத்து, பம்பை அதன் இயல்பான இடத்தில் இருத்திவிட்டு, எஞ்சினைத்தான் அதற்கு இணங்கக் கொண்டுவர வேண்டும்.

"என் எஞ்சின் எதுக்குண்ணே நகரணும்?" என்றார் மூத்தவர்.

"நகர முடிஞ்சது அதுதானப்பா" என்றார் பெரியப்பா.

ஒப்புரவு என்றால் இருவரும் பாதிவழி வர வேண்டும் என்று மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். எஞ்சின் கட்டும் வேலையில் பாதிவழி என்பதே கிடையாது. ஒன்று கட்டுண்டிருக்கிறது, மற்றது கட்டற்றிருக்கிறது. கட்டற்றது முழு வழியும் வர வேண்டும். அதுவோ நான்கு ஆள் தூக்கும் கனம். ஆற்றல் முழுவதும் அதனிடத்தில் இருக்கிறது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கடவுள் வடிவில் இருந்தவர் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் நிலைக்கு இறங்கியதைத் திருத்தூதர் பவுல் பாடும்போது, பாதிவழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மனிதன் பாவத்திலும் மண்ணிலும் குழாய்போல் பிணைக்கப்பட்டிருந்தான். வரக்கூடியவர் வந்தார்.

இதைப் பெரியப்பா சொல்லவில்லை. நான் பிற்காலத்தில் எண்ணியது. அவர் அன்று செய்ததெல்லாம், அளவு பார்க்க ஆள் வேண்டும் என்று இருவரையும் கீழே அழைத்ததுதான். திண்டில் மூன்று பேருக்குமேல் நிற்க இடமில்லாததால் நான் மேலே ஏற்றப்பட்டேன். மூத்தவர் எஞ்சின் பக்கம் கடப்பாரையோடும், இளையவர் பம்புப் பக்கம் தகடோடும். எஞ்சினின் காலடியில் மெல்லிய தகரத் துண்டுகளைச் செருகி உயர்த்துவதும், போல்ட்டை முடுக்கி மறுபடி அளப்பதுமாக இரவு ஒன்பது மணிவரை அது நடந்தது. ஒரு கால் மட்டும் அந்தரத்தில் நிற்க, முடுக்கும்போது சட்டமே முறுகுவதுண்டு. ஆகவே நான்கு கால்களும் சுமையில்லாமலே தரையில் படிகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். மேலிருந்து நான் கேட்டவை எண்கள் மட்டுமே.

"மேல பன்னெண்டு."

"கீழ?"

"பதினெட்டு. இன்னும் கொஞ்சம் தூக்கு."

"இப்ப?"

"பதினஞ்சு. போதும்... கொஞ்சம் விடு."

இரண்டாண்டுகளுக்குப் பின் அவர்கள் நேருக்கு நேர் பேசிய சொற்கள் அவை. எண்ணைத் தவிர வேறொன்றும் பேசவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டித் தழுவிக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான், நடக்கவில்லை.

மேலும் கீழும் ஒரே அளவு வந்ததும் பின்களை மாட்டி ஓடவிட்டார்கள். அதிர்வு அடங்கியிருந்தது. "ஓடிச் சூடானதும் இரும்பு நீளும், போல்ட்டும் கொஞ்சம் தளரும். பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி வரணும். ரெண்டு பேரும் இருக்கணும்" என்றார் பெரியப்பா. தனியாகவே அளந்துவிடக் கூடியவர் அவர். அதை நான் அறிவேன்.

அவர் இவ்வேலையைக் கற்ற இடம் கடல். பம்புக்கு அவர் பார்த்த துல்லியம், ரப்பர் புஷ் கப்ளிங்குக்குத் தேவைப்படுவதைவிட அதிகம். படகின் வழக்கம் கையில் ஒட்டியிருந்தது. படகில் எஞ்சினும் புரொப்பல்லர் தண்டும் சந்திக்கும் தட்டுகள் இரும்போடு இரும்பாக முடுக்கப்படுபவை. தட்டின் குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் என்பது அங்கே வழங்கும் கணக்கு. நான்கங்குலத் தட்டென்றால் ஆயிரத்தில் நான்கு. அதாவது நாம் கடிதம் எழுதும் தாளின் கனம். அதற்குமேல் விலகல் இருந்தால், தண்டு படகின் அடிவயிற்றைத் துளைத்துச் செல்லும் இடத்தில் பேரிங் தேயும், தண்ணீர் கசியும். கிணற்றில் ரப்பர் தெறித்தால் கொடி வாடும். கடலில் தண்டு முறிந்தால் திரும்பிவரத் துடுப்பும் பாயும்தான் துணை.

1990-களில் பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி சென்றிருந்தபோது, பழைய துறைமுகத்தில் தோணிகளைப் பார்க்கப் போனேன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பாய்விரித்துச் சரக்கேற்றிச் சென்ற பெரிய மரக்கலங்கள் அவை; அக்காலத்தில் எஞ்சினும் ஏற்றிக்கொண்டிருந்தன. ஒரு தோணியின் உள்ளறையில் எஞ்சினை மறுபடி நேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரையில் வைத்தே செய்திருக்கலாமே என்று கேட்டேன். "கரையில பாத்த நேர் தண்ணியில நிக்காது சார்" என்றார் அங்கிருந்த முதியவர்.

காரணத்தை அவரே விளக்கினார். கரையில் மரக்கலம் அடிக்கட்டைகளின்மேல் நிற்கிறது. சுமை சில இடங்களில் மட்டுமே தாங்கப்படுகிறது. நீரில் இறக்கினால் அடிப்பாகம் முழுவதையும் தண்ணீர் தாங்குகிறது. வடிவம் சற்றே மாறுகிறது. மரப்பலகைகள் ஊறிப் பருக்கின்றன. பாய்மரத்தின் கயிறுகளை இழுத்துக் கட்டினால் முன்பின் முனைகள் சிறிது மேலெழும்பும். சரக்கேற்றினால் வேறொரு வளைவு. எனவே கரையில் உத்தேசமாக வைத்து, நீரிலிறக்கிச் சில நாள் ஊறவிட்டு, மரத்தையும் கயிறுகளையும் கட்டிய பிறகே கடைசி அளவைப் பார்க்க வேண்டும். மேலைநாட்டார் இன்பப் பயணத்துக்கு வைத்திருக்கும் சிறிய பாய்மரப் படகுகளுக்கும் இதே விதிதான். அவை கண்ணாடி இழையால் ஆனவையாயினும் வளையவே செய்கின்றன.

இன்னொன்றும் சொன்னார். கப்ளிங் கழன்றவுடன் தண்டின் முனை தன் கனத்தாலேயே தாழ்ந்து தொங்கும். அந்தத் தொங்கலை உண்மை நிலையென்று எண்ணி எஞ்சினை அதற்கு இறக்கினால் எல்லாம் கெட்டது. முதலில் தண்டைத் தாங்கிப் பிடித்து, அது இயல்பில் இருக்க வேண்டிய உயரத்துக்குக் கொண்டுவந்த பிறகே அளக்க வேண்டும். துயரத்தில் தொங்கிக்கிடக்கும் ஒருவனைப் பார்த்து அவன் குணமே அவ்வளவுதான் என்று கணக்கிடுபவர்களை அறிந்திருக்கிறேன்.

கிணற்றுக்கும் கடலுக்கும் இவ்வேலையில் ஒரு பழைய உறவுண்டு. படகின் அடியில் புரொப்பல்லர் தண்டைத் தாங்கும் பேரிங்கிற்கு எண்ணெய் இல்லை. வரிப்பள்ளங்கள் வெட்டிய ரப்பர் குழாய், அதனூடே ஓடும் தண்ணீர்தான் எண்ணெய். 1920-களில் சார்லஸ் ஷெர்வுட் என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளர், நீரிறைக்கும் பம்பில் தேய்ந்துபோன பேரிங்கிற்கு மாற்றாக வேறு வழியின்றி ரப்பர் குழாய்த் துண்டொன்றைச் செருகினார். அது உலோகத்தைவிட நீடித்து உழைத்தது. கிணற்றில் பிறந்து கடலுக்குப் போன பொருள். எங்கள் பெரியப்பாவோ எதிர்வழியில் வந்தவர்.

நம் கடற்கரைக்கு எஞ்சின் வந்த வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது. 1952-இல் ஒப்பந்தமாகி, கொல்லத்துக்கு அருகே சக்திகுளங்கரை, நீண்டகரைப் பகுதியில் தொடங்கிய இந்திய நார்வேத் திட்டம் மீன்பிடி படகுகளில் எஞ்சினை ஏற்றியது. பெரும்பகுதி நம் கத்தோலிக்க மீனவர் வாழும் கரை அது. கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூகப் பணிச் சங்கம் பெல்ஜிய நாட்டவரான பியர் ஜில்லேயின் துணையோடு முட்டத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டியது. துறைமுகமில்லாத மணற்கரைகளுக்காக, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டத்தினர் 1980-களில் ஒரு விந்தையான ஏற்பாட்டைச் செய்தனர். எஞ்சினையும் தண்டையும் புரொப்பல்லரையும் ஒரே பெட்டியின் உடலாகச் சேர்த்து, அப்பெட்டி முழுவதும் ஒரு கீலில் ஏறி இறங்குமாறு அமைத்தனர். மணலில் தட்டினால் எல்லாம் சேர்ந்தே மேலெழும். எஞ்சினுக்கும் தண்டுக்கும் இடையே நேர் கெட வழியில்லை, அவை பிரிந்திருந்தால்தானே!

அதே எண்ணம் வேறு வடிவில் எங்கள் பள்ளத்தாக்குக்கும் வந்து சேர்ந்தது. 1990 வாக்கில் உழவுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. பிறகு நீர்மூழ்கி மோட்டார் வந்தது. மோட்டாரும் பம்பும் தொழிற்சாலையிலேயே ஒரே குழலில் பூட்டப்பட்டு, ஆழ்துளைக் கிணற்றில் நூற்றுக்கணக்கான அடி இறங்குகின்றன. அளக்க வேண்டாம், தகரம் செருக வேண்டாம், கீழே ஆள் இறங்க வேண்டாம். பொத்தானை அழுத்தினால் போதும். நல்ல கருவிதான், கிணற்றுப் புகையில் யாரும் சாவதில்லை. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சகோதரர்கள் பதினைந்து நாள் கழித்து வந்தார்கள். பிறகும் ஒவ்வொரு கோடையிலும், எஞ்சினை இறக்கும்போதும் மழைக்குப் பின் ஏற்றும்போதும், இருவரும் கிணற்றுக்குள் இறங்கி எண்களைச் சொல்லிக்கொண்டார்கள். மூத்தவரின் மகள் திருமணத்தில் இளையவர் பந்தலுக்குக் கம்பு கொண்டுவந்ததைப் பார்த்தேன். ஏறத்தாழ பத்தாண்டு அப்படி நடந்தது. பிறகு மூத்தவர் தம் நிலத்தில் ஆழ்துளை போட்டார். அடுத்த ஆண்டு இளையவரும் போட்டார். பங்குக் கிணற்றுக்கு இருவருக்கும் தேவையில்லாமற் போயிற்று. பங்குக் கிணறு வற்றிற்று. பின்னர் முதல் ஆழ்துளையும் வற்ற, இன்னும் ஆழமாக இன்னொன்று போட்டார்கள்.

இப்போது அந்நிலங்களைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். வயதில் நெருங்கியவர்கள், நல்ல பிள்ளைகள், ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் ஒன்றுமில்லை. சந்திப்பதற்குக் காரணமும் இல்லை. கிணற்றுக்குள் அந்தத் திண்டு இன்னும் இருக்கிறது. எஞ்சின் சட்டத்தை இறுக்கிய நான்கு போல்ட்டுகள் சிமெண்டில் துருவேறி நிற்கின்றன. ஒன்றின் அடியில் பெரியப்பா செருகிய தகரத் துண்டு, மேலிருந்து பார்த்தால் வெயில் நேரத்தில் மினுங்குகிறது.